நான்கெழுத்து

சிவகாசிக்கு ராத்திரி பத்துக்குள் கோப்பு போக வேண்டும்.
ராயப்பேட்டை அலுவலகத்தில் எட்டு மணிக்கு
மெயினையே அணைத்துவிடுவார்கள்.
இருபத்திரண்டாம் பக்கத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு
பெரம்பூர் பஸ்ஸில் நின்றபடி வந்தேன்.

என் வேலை
அயல்நாட்டுக் குமிழிகளுக்கு வெள்ளையடித்து
உள்ளே தமிழை உட்கார வைப்பது.
தமிழ் எப்போதும் கொஞ்சம் கூடுதல் இடம் கேட்கும்.
கொம்பு, கால், சுழி என்று
சட்டிபானையோடுதான் குடிவரும்.

இருபத்திரண்டில் கல்யாணம்.
மொட்டைமாடி.
சிறகன் சிறகை மடக்கி வைத்திருக்கிறான்
பின்வரிசைக்கு மறைக்காமல்.
மின்மறவன் கையுறையைக் கழற்றியிருக்கிறான்,
முந்நூறு இதழ்களில் முதல்முறை.
தொட்டால் ஷாக் அடிக்கும் கை அது.
சிறகன் பிடித்திருக்கிறான்.
முடி மட்டும் லேசாக நட்டுக்கொண்டு நிற்கிறது.
ரப்பர் உடம்புக்காரி ஒருத்தி
தோரணத்தின் இரண்டு முனையையும் தானே பிடித்திருக்கிறாள்.
போன வருஷம் ஊரையே உருக்கப் பார்த்தவன்
கடைசி நாற்காலியில்
மொய்க்கவரோடு வந்தவன் மாதிரி.

கீழ் மூலையில் ஒரு சின்னக் குமிழி:
‘இவன் என் கணவன்.’

போனில் ஆசிரியர் குணாளன்:
“நண்பன்னு போட்டுடுப்பா.
ரெண்டும் நாலெழுத்துதான், கச்சிதமா உக்காரும்.”

உட்கார்ந்தது. அதுதான் எரிச்சல்.
க ண வ ன்
ந ண் ப ன்
விரல் விட்டு எண்ணினேன், ஒரே அகலம்.
நடுவில் அந்த ண-வின் தலையில்
ஒரு புள்ளி வைக்க வேண்டும்.
புள்ளி வைத்தால் இலக்கணத்தில் அதற்குப் பெயர் மெய்.

எங்கள் வாடகைச் சீட்டிலும் உண்டு அந்தப் புள்ளி:
‘யூஜின் ததேயு, நண்பர்.’
அவனுக்குக் குடல்வால் எடுத்தபோது
ஸ்டான்லியில் நான் கையெழுத்துப் போட்ட தாளில்
‘உறவு’ என்ற கட்டத்தில்
நர்ஸே எழுதிக்கொண்டாள், தெரிந்தவர் என்று.
அது ஆறெழுத்து.
கட்டத்தை விட்டு வெளியே வழிந்தது.

ஒன்பதரைக்கு வந்தான்,
காசிமேட்டு ஐஸ் கம்பெனியில் ஷிப்ட் முடித்து.
விறைத்த கையை என் பிடரியில் வைத்தான்.
(முந்நூறு தடவை வைத்திருப்பான். இன்னும் தூக்கிப் போடுகிறது.)
தோளுக்கு மேலே குனிந்து வாசித்தான்.
“மூஞ்சியப் பாரு.
நண்பனப் பாக்குற மூஞ்சியா இது?”
“சார் சொன்னாரு.”
“அப்புறம் என்ன, கல்யாணத்துக்குச் சத்தமே காணோம்?
குண்டு போட்டா மட்டும்
டமால்னு பக்கம் பூரா எழுதுற.”

உண்மைதான்.
மூலப்படத்தில் அந்த வானம் சும்மா கிடந்தது.
வெடிக்கு வைத்திருக்கும் தடித்த எழுத்தில்
மஞ்சளில் சிவப்பு விளிம்பிட்டு
குறுக்கே எழுதினேன்:
கெட்டிமேளம்! கெட்டிமேளம்!

பிறகு குமிழிக்குப் போனேன்.
ந போனது. ப போனது.
புள்ளியை அழிக்க அவன் விரலைப் பிடித்து வைத்தேன்.
ஐஸ் விரல், சாவி இரண்டு தடவை அழுந்தி
ஒரு எழுத்து கூடவே போய்விட்டது.
திட்டிக்கொண்டே திரும்ப அடித்தேன்.
ஒன்பது ஐம்பத்தெட்டு.

குணாளன் மூன்று நாள் பேசவில்லை.
பில்லில் நூறு ரூபாய் பிடித்தார்,
எதற்கென்று எழுதவில்லை.
கடிதங்கள் முப்பத்தொன்று வந்தன.
இரண்டு பேர் சந்தாவை நிறுத்தினார்கள்.
மற்றபடி எல்லாம் ஒரே சண்டை,
பழைய இதழ்களில் பச்சையாயிருந்த சிறகனின் பெல்ட்
எப்படி நீலமானது என்று.

ஹவுஸ் ஓனர் பாக்கியநாதன்
யூஜின் வண்டியில் கிடந்த பிரதியை எடுத்துப்போய்
இந்த மாத ரசீதோடு திருப்பிக் கொடுத்தார்.
ஒன்றும் சொல்லவில்லை.
மோட்டார் எட்டு மணிக்கு மேல் போடாதீங்க என்றார்.
ரசீதில் வழக்கம்போல் ‘நண்பர்’,
ண-வுக்குப் புள்ளி இல்லாமல்.

மறந்திருப்பார்.
எப்போதும் அவசரக் கையெழுத்துதான் அவருக்கு.