பதினெட்டு மில்லிமீட்டர்

பல் ஓ.பி.யில் என் வேலை கருவி கழுவுவது.
தமிழ் மட்டும் தெரிந்தவர் யாராவது வந்தால்
கையுறையைக் கழற்றிவிட்டு
அவருக்கு வாயாகப் போய் நிற்பேன்.

இன்று தாராவியிலிருந்து அய்யாத்துரை.
தோல்பை தைக்கிறவர். நாற்பத்து மூன்று வயது.
பின்னால், மடியில் கூடையோடு
மனைவி பேச்சியம்மாள்.

எத்தனை வருஷமாக, கேளுங்கள், என்றார் டாக்டர் அனகா.
"ரெண்டு வருசம் இருக்கும்."
ஒரு நாளைக்கு?
"மூணு. மிஞ்சிப்போனா நாலு.
பொயலய தொடமாட்டேன், வெறும் பாக்குதான்."
மராத்தியில் சொன்னேன்.
அந்த 'வெறும்' மட்டும்
நாக்கில் கொஞ்சம் இடறியது.

எந்தக் கன்னம்?
துப்புவாரா, விழுங்குவாரா?
எவ்வளவு நேரம் அடக்கி வைப்பார்?
அதோடேயே தூங்குவாரா?

அவர் சுவரில் இருந்த பல் படத்தைப் பார்த்தார்.

பேச்சியம்மாள் கூடைக்குள் கைவிட்டு
ஒரு பழைய பால் கார்டை எடுத்தாள்.
பின்பக்கம் முழுக்கக் கோடுகள்,
நாலு கோட்டுக்கு ஒரு குறுக்குக் கோடு.
துவைக்கும்போது சட்டைப்பையில் கிடைத்த உறைகளின் கணக்கு.

"நாளைக்குப் பதினஞ்சு.
சின்னவ பொறந்ததுலருந்து, பதினோரு வருசம்.
இடது கன்னம்தான்.
துப்புனா தோலு கறையாயிரும்னு முழுங்கிருவாக.
தூங்கயிலயும் உள்ளதான் கெடக்கும்,
நடுராத்திரி நான்தான் வெரல விட்டு எடுப்பேன்.
முன்னால ரெண்டு வெரலு போவும்.
இப்ப ஒண்ணுதான் போவுது."

டாக்டர் முதலில் எழுதியதை அடித்தார்.

வாயைத் திறக்கச் சொன்னார்.
இன்னும், இன்னும் என்றார்.
மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவே அளவுகோல்:
பதினெட்டு மில்லிமீட்டர்.
வலது கன்னத்தில் இன்னும் கொஞ்சம் சிவப்பு இருந்தது.
இடது கன்னம் வெளுத்து
அவர் இழுத்துத் தைக்கிற வார் போல
விறைத்துக் கிடந்தது.

அய்யாத்துரை மனைவி பக்கம் திரும்பினார்.
கழுத்து நரம்பு புடைத்தது, கை ஓங்கியது.
கத்தத்தான் பார்த்தார்.
பதினெட்டு மில்லிமீட்டர் வழியாக
சொல் வரவில்லை,
கொஞ்சம் காற்றும் எச்சிலும் வந்தன.

என்ன சொல்கிறார் என்று டாக்டர் கேட்டார்.
நான் தட்டை எடுத்து வேறு இடத்தில் வைத்தேன்.

பேச்சியம்மாள் பால் கார்டைத் திருப்பி
வெற்றிடம் தேடினாள்.
என் பையிலிருந்த பேனாவைக் கேட்டாள்.
மூலையில் பதினெட்டு என்று எழுதிவிட்டு
நிமிர்ந்து பார்த்தாள்:

"இது கூடணுமா யம்மா, கொறயணுமா?"