பத்து, ஒன்பது

செந்தூல் மாமாக் கடையில் தொலைக்காட்சி.
கூண்டுக்குள் லோகேந்திரன், நாற்பத்தொரு வயது.
"முப்பத்தைந்திலேயே விட்டிருக்கணும் லா"
என்கிறான் ரொட்டி சானாய் பிய்ப்பவன்.
"சிங்கப்பூர் ஒப்பந்தத்தை உதறினானே, அங்கேயே முடிஞ்சான்"
என்கிறது இன்னொரு மேசை.

நான் வாய் திறக்கவில்லை.
ஒன்பது வருடத்துக்கு முன் புக்கிட் ஜாலிலில்
அவன் பட்டம் இழந்த இரவு
மூன்று அட்டைகளில் ஒன்று என்னுடையது.
இரண்டாம் சுற்றில் கீழே கிடந்தபடியே அவன்
எதிராளியின் கையை முறுக்கியதை
என் பக்கம் தூண் மறைத்தது.
தெரிந்ததற்கு மதிப்பெண் போட்டேன்.

இப்போது விழுகிறான்.
முழங்காலூன்றி எழுந்து
பல்காப்பைத் துப்பிவிட்டுச் சிரிக்கிறான்.
கடைக்காரர் கால்பந்துக்கு மாற்றுகிறார்.

தே தாரிக்கில் ஆடை படிந்துவிட்டது.
ரசீதின் பின்புறம்
பத்து, ஒன்பது என்று எழுதிப் பார்க்கிறேன்,
யாருக்கு எது என்று குறிக்காமல்.