பன்னிரண்டாவது விசை

லியெபாயா மருத்துவமனை, திசு ஆய்வகம், இரண்டாம் தளம்.
டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடும்.
ஒரே வாக்கியத்தை நாளுக்கு அறுபது தடவை தட்டி
வலது மணிக்கட்டு வீங்கியபோது
குந்தார்ஸ் ஒரு குட்டிப் பலகையை மேசையில் போட்டான்.
பன்னிரண்டு விசை, ஒரு வயர்.
"நிரலை நீயே எழுதிக்கொள் வெல்கா."

முதலில் நூலகம் வேண்டுமாம்.
புத்தகம் ஒன்றுகூட இல்லாத நூலகம்.
இறக்கி, தப்பான கோப்புறையில் வைத்தேன்.
'காணப்படவில்லை' என்றது திரை.
எங்கள் அறிக்கைகளிலும் இதே சொல்தான்.
அங்கே அதைப் படிப்பவர்கள்
நாற்காலியில் சாய்ந்து மூச்சு விடுவார்கள்.
இங்கே நான் கெட்ட வார்த்தை சொன்னேன்.

கன்ட்ரோலை அழுத்தச் சொன்னவள்
விடச் சொல்ல மறந்துவிட்டேன்.
டபிள்யூ தட்டினால் சன்னல் மூடுகிறது,
பி தட்டினால் அடுத்த அறையில் பிரிண்டர் கனைக்கிறது.

எங்கள் எழுத்துகளுக்குத் தலையில் கோடும் கொக்கியும்,
சிலவற்றுக்குக் காலடியில் வாலும் உண்டு.
அமெரிக்கப் பலகை மட்டும் தெரிந்த நூலகம்
எல்லாவற்றையும் மொட்டையடித்து அனுப்பியது.
இரண்டு இரவு உட்கார்ந்து
ஒவ்வொரு தலைக்கும் தொப்பி தைத்தேன்.

பிறகு முதல் விசை:
புற்றணுக்கள் காணப்படவில்லை.
அழுத்தினேன். பாய்ந்தது.
பழைய கணினி திணறி
நடுவில் ஒரு சொல்லை விழுங்கிவிட்டது.
'நவ்'.
எங்கள் மொழியில் 'இல்லை' என்பதற்கு
மூன்றே எழுத்து.

வெற்றுக் கோப்புதான்.
நோயாளி பெயர்கூட இல்லை.
ஆனாலும் எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்தேன்.

எழுத்துக்கு எழுத்து
இருபது மில்லிநொடி தாமதம் வைத்திருக்கிறேன் இப்போது.
கண்ணுக்குத் தெரிகிற வேகம்.
அந்த மூன்றெழுத்து வந்து சேரும்வரை
விரலை எடுப்பதில்லை,
எடுத்தாலும் ஒன்றும் ஆகாது என்று தெரிந்தும்.

பதினோரு விசைக்கு ஸ்டிக்கர் ஒட்டியாயிற்று.
"பன்னிரண்டாவதில் 'காணப்பட்டன' வைக்கலாமே,
வாரத்துக்குப் பத்தாவது வருமே" என்றான் குந்தார்ஸ்.
வைக்கலாம். ஒரே ஒரு வரி நிரல்.

நேற்று ஒன்று வந்தது.
எழுபத்தொன்றில் பிறந்தவள், கடற்கரைப் பக்கத்து முகவரி.
பலகையைத் தள்ளி வைத்துவிட்டு
இரண்டு கையாலும் தட்டினேன்.
ஓரிடத்தில் கொக்கி விட்டுப்போயிற்று.
அழித்து,
திரும்பத் தட்டினேன்.