பன்னிரண்டு ‘லை’

செவ்வாய்ப்பேட்டை அச்சாபீசில்
எழுத்துக் கோக்கிறவன் நான்.
முப்பத்திரண்டாம் வருஷம்
ஆடிப் பதினெட்டுக்கு முந்தின வாரம்
கன்னங்குறிச்சி சடையாண்டி
பீடிக்கட்டு மேல்தாளில் ஒரு பாட்டோடு வந்தார்.
மெட்டு எங்கே பிடித்தீர் என்றேன்.
“அயர்லாந்துல” என்றார்,
ஏதோ அயோத்தியாப்பட்டணம் போல.

ஏற்காட்டில் டில்லன் துரை பங்களா.
அங்கே சமையல் சவேரிமுத்து.
குடித்த ராத்திரிகளில் துரை
ஒரே தட்டைத் திருப்பித் திருப்பி வைப்பாராம்,
முள் தேய்ந்து பாடுகிறவனுக்கு
ஜலதோஷம் பிடித்த பின்னும்.
சந்தைக்கு இறங்கிய சவேரிமுத்து
மெட்டை முழுசாகவும் அர்த்தத்தைப் பாதியாகவும்
கொண்டுவந்து சேர்த்தான்:
பச்சை மலை, ஒரு பெண்,
மூன்று இலை விடும் செடி.

மூன்று இலையா, வில்வம்
என்று எழுதிக்கொண்டார் சடையாண்டி.
பெண் வள்ளி ஆனாள்.
கப்பலேறிப் போன காதலன்
தினைப்புனத்து வேலியோரம் வந்து நின்றான்.

தட்டின் நடுவே பொடி எழுத்தில்
இரண்டு பெயர் இருந்ததாம்.
நியூயார்க்கில் பொத்தான் விற்றவன் மகன் ஒருத்தன்,
அவனுக்குப் பியானோ தட்டிக் கொடுத்தவன் ஒருத்தன்.
இரண்டு பேருமே அந்தப் பச்சையைக் கண்டதில்லை.
துரையே சொல்லிச் சிரித்தாராம்.
துரை மட்டும் என்ன,
பிறந்தது பெங்களூர்த் தண்டு.
சடையாண்டியோ அடிவாரத்துக்காரர்,
ஒருநாளும் ஏற்காடு ஏறியதில்லை.
“ஏறினா மலை எங்கய்யா தெரியும்?
காப்பிச் செடிதான் தெரியும்.”

பாட்டில் பதினேழு மலை.
என் கேஸில் பன்னிரண்டு ‘லை’.
தும்பிக்கை தூக்கிய எழுத்து,
மதராஸிலிருந்து வரப் பத்து நாள்.
நாடகம் நாளை மறுநாள்.
சடையாண்டி கள்ளுக்கடையில்.

ஐந்து மலையை நானே குன்றாக்கினேன்.
ஓரிடத்தில் தாளம் இடித்தது;
முன்னால் ‘குளிர்’ என்று ஒன்றை நட்டேன்.
குளிரைப் பற்றி எனக்கென்ன தெரியும்,
சவேரிமுத்து போர்த்தி வந்த
கம்பளியைத் தவிர.

அரையணாப் புத்தகத்தில்
இயற்றியவர் என்ற இடத்தில் கம்பெனி முதலாளி.
வள்ளி வேஷக்காரி ‘குளிர்குன்றே’ என்று
மூச்சை இழுத்து விட்ட இடத்தில்தான்
ஒன்ஸ்மோர் கேட்டார்கள், மூன்று தரம்.
சடையாண்டி என் பக்கம் திரும்பிப் பார்த்தார்.
ஒன்றும் சொல்லவில்லை.
பின்வரிசையில் சவேரிமுத்து
இங்கிலீஷிலேயே கூடப் பாடிக்கொண்டிருந்தான்,
தப்புத் தப்பாக.