நடைச் சோதனை

இருபதாவது கொண்டை ஊசி தாண்டும்போது
டூல்பாக்ஸுக்குள்ளும் ஈரம்.
பெங்களூர்க்காரர் பங்களா. ஆறு சென்சார், கம்பி கிடையாது,
ஆளுக்கொரு பேட்டரி.

மூலையில் ஏழடி உயரத்தில் மாட்டிவிட்டு
நடந்து காட்ட வேண்டும்,
திருடன் எப்படி வருவானோ அப்படி.
சிவப்பு மினுக்கினால் சரி.
போனில் ஓனர்:
"ஹால் வந்துருச்சு. கிச்சன் வந்துருச்சு.
லீவுக்கு நாயும் வரும்ப்பா,
அதுக்கெல்லாம் அலாரம் அடிக்கக் கூடாது."

கண்ணின் கீழ்ப்பாதிக்கு டேப் ஒட்டினேன்.
முட்டி போட்டுத் தவழ்ந்தேன்
கணப்படுப்பு வரைக்கும்.
மினுக்கவில்லை.

காவலுக்கு இருக்கும் சடையன்
வாசலில் நின்று பார்த்தார், சிரிக்காமல்.
பெட்ஷீட்தான் அவருக்கு ஸ்வெட்டர்.
ஷெட்டுக்கு அரைக் கதவு.

ஓனருக்கு ஓ.டி.பி. வரவில்லை.
தற்காலிகமாக என் நம்பர்.

அன்று ராத்திரி தாதகாப்பட்டியில்
கொசுவலைக்குள் போன் அதிர்ந்தது.
2:15. ஹால். அசைவு.
அப்புறம் விடியும் வரை ஒன்றுமில்லை.

காலையில் கூப்பிட்டேன்.
"ஒண்ணுமில்லீங்க, காத்து."
காத்துக்கு உடம்புச் சூடு ஏது,
இது சூட்டைத்தான் பார்க்கும்
என்று சொல்ல வாயெடுத்து
"சரிங்க" என்றேன்.

மறுநாள் போன் அதிரவில்லை.
அதற்கு மறுநாளும்.
ஓனர் நம்பரை இன்னும் மாற்றாமல் வைத்திருக்கிறேன்.

இரண்டே காலுக்குத் தானாக விழிப்பு வருகிறது.
திரையைத் தொட்டுப் பார்க்கிறேன்:
ஹால். அசைவில்லை.

சிவப்பு ஆக்ஸைடு தரை அது.
மார்கழியில் முட்டிக்கு
எப்படி ஜில்லிடும் என்று
எனக்குத் தெரியும்.