எந்த மூன்று

போடோவில் ஜனவரி. பகல் இரண்டுக்கே
கடையில் விளக்கு.
வேரோய்த் தீவிலிருந்து ஆஸ்முண்ட் அழைக்கிறார்:
புயலில் மாடிச் சன்னல் போய்விட்டதாம்,
முக்கோணக் கண்ணாடி. வியாழக்கிழமைப் படகை விட்டால்
அடுத்தது எப்போதென்று கடலுக்கே தெரியாது.

'அளவு சொல்லுங்கள், மூன்று போதும்' என்றேன்.

சொல்லியிருக்கக் கூடாது.
எந்த மூன்று என்பதில்தான் என் பிழைப்பே இருக்கிறது.
போன வருடம் ஒரு பாதிரியார்
மூன்று கோணங்களை மட்டும் எழுதி அனுப்பினார்,
பாகை பிசகாமல், அழகான கையெழுத்தில்.
அந்தக் கடிதத்துக்குத் தீப்பெட்டி அளவிலும் வெட்டலாம்,
தேவாலய முகப்பு அளவிலும் வெட்டலாம்.

ஆஸ்முண்ட் பரவாயில்லை, அளவுநாடாக்காரர்.
'ஒரு பக்கம் தொண்ணூறு. இன்னொன்று அறுபத்திரண்டு.
ஒரு மூலை நாற்பது பாகை.'
இரண்டும் கூடுகிற மூலையா?
'அங்கே பலகை அடித்துவிட்டேன். இது தொண்ணூறின் மறுமுனை.'
மூன்றாவது பக்கம்?
'பாதிக்கு மேல் பனிக்கட்டிக்குள்.'

பழுப்புத் தாளில் தொண்ணூறை வரைந்தேன்.
ஒரு முனையிலிருந்து நாற்பது பாகைக்கு ஒரு கோடு,
நீளம் தெரியாததால் ஓட விட்டேன்.
மறுமுனையில் கவராயத்தை ஊன்றி
அறுபத்திரண்டுக்கு விரித்துச் சுழற்றினேன்.
கோட்டை ஒரு முறை தொட்டது.
நிற்காமல் போய்
மறுபடியும் தொட்டது.

இரண்டு சன்னல்கள்.
ஒன்று அகலமாக உட்கார்ந்திருக்கிறது,
மற்றது எதிர்காற்றில் நடப்பவள் போல முன்னே சாய்கிறது.
அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும்
இரண்டுக்கும் பொருந்தும்.

பள்ளியில் பக்கம், கோணம், பக்கம் என்று ஒப்பித்தபோது
கோணம் ஏன் நடுவில் என்று நான் கேட்டதில்லை.
இரண்டு குச்சிகளை இறுக்கும் ஆணி அது.
ஆணி வேறெங்கோ இறங்கினால் குச்சி ஆடும்.

'அறுபத்திரண்டு கீழே வந்து சேருமிடம்
விரிகோணமா, குறுங்கோணமா?'
தொலைபேசியை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.
படிக்கட்டு. நாய். பலகையை நெம்பும் சத்தம்.
பிறகு வெகுநேரம் காற்று மட்டும்.
'விரிகோணம்' என்றார் மூச்சு வாங்க,
'பாதி மடக்கிய முழங்கை மாதிரி.'

எது வெளிப்பக்கம் என்றும் கேட்டுக்கொண்டேன்:
புரட்டினாலும் சர்வசமம்தான்,
சொரசொரப்பு மட்டும் அறைக்குள் வந்து நிற்கும்.
வெட்டி, கம்பளியில் சுற்றி, படகேற்றினேன்.
மற்ற முக்கோணம் இன்னும் தாளில் இருக்கிறது,
எல்லாம் சரியாக,
எந்தச் சுவரிலும் இடமில்லாமல்.

சனிக்கிழமை அழைத்தார்.
சட்டத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே
ஒரு தாள் நுழைய இடமில்லையாம்.
கொஞ்சம் பொறுத்து,
'பழையதில் ஒரு குமிழி இருந்தது' என்றார்,
'கீழே, இடது ஓரம். வெயில் முதலில் அதில்தான் விழும்.
நீங்கள் கேட்கவில்லை.'