பழுதில்லை

தென்துருவக் கரையிலிருந்து
தனிஸ்லாஸ் அனுப்பும் எண்கள்
காலை ஆறே காலுக்கு
நாயுடுபுரத்து என் மேசைக்கு வந்துவிடும்.
கம்பளி உறைக்குள்ளிருந்து தட்டுகிற விரல்.
எண்ணில் பிழை இருக்காது,
"சாப்டாச்சா"வில் இருக்கும்.

முப்பத்தொன்று. முப்பது. முப்பத்திரண்டு.
இருட்டு மாதங்கள் முழுக்க
பால் கணக்கு மாதிரி ஓசோன்.

செப்டம்பரில்
கடல்பனி மேல் வெயில் நிலைத்த பிறகு
ஒரே இரவில்
பதினாறு, ஏழு, இரண்டு.
அப்புறம் சுழி.

குழாயைப் பார், பம்பைப் பார்,
வடிகட்டியை மாற்று என்றேன்.
அந்தப் பெட்டியைச் சோதித்துக் கட்டியவன் நான்.
வத்தலகுண்டு பஸ்ஸில் மடியில் வைத்து இறக்கினேன்,
டம்டம் பாறை வளைவில்
பக்கத்துச் சீட்டுக் குழந்தை வாந்தியெடுத்தபோது
பெட்டியைத்தான் அணைத்துக்கொண்டேன்.

"பெட்டி சரி. காற்றுதான் காலி"
என்று எழுதினான் தனிஸ்லாஸ்.

உறைந்த கடலின் உப்பிலிருந்து
புரோமின் எழுந்து
வெளிச்சம் பட்டதும் தின்னத் தொடங்குமாம்.
யாரும் எதையும் கொளுத்தவில்லை.
உச்சி வானத்தில் விழுகிற ஓட்டை வேறு,
இது
மூக்கு உயரத்தில் நடப்பது.
பென்குயின்களுக்கு ஒன்றும் தெரியாது,
நின்ற இடத்தில் நிற்கின்றன.

மூக்கு உயரத்தில், இங்கே, சனிக்கிழமை.
வெள்ளி அருவியிலிருந்து ஏரி வரை
அணைக்காத எஞ்சின்கள்.
மதியம் மூன்றுக்கு
என் கூரைக் குழாய் அறுபத்தெட்டு என்கிறது.
ஏழு ரோடு ஜெராக்ஸ் கடையில்
மூடி திறந்ததும் வருமே ஒரு வாடை,
அதை மலை முழுக்கப் பூசி
வாடையை மட்டும் எடுத்துவிட்டால்
அறுபத்தெட்டு.

பூம்பாறையிலிருந்து அன்னக்கொடி வந்திருந்தார்,
கேரிபேக்கில் பீன்ஸ் இலைகள்.
மேல்பக்கம் வெண்கலப் பொட்டு,
கீழ்ப்பக்கம் சுத்தம்.
"ரெண்டு தடவ மருந்தடிச்சாச்சு."
பூச்சி இல்லைம்மா என்றேன்.
"பெறகு யாரு?"

ஜன்னலுக்கு வெளியே ஹாரன்.
இலையை வாங்கி
நோட்டுக்குள் வைத்துக்கொண்டேன்,
அதையே பதிலாக எடுத்துக்கொண்டு
அவர் மூன்றரை பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்.

அங்கே மூன்று நாள் சுழி.
நான்காம் நாள் காற்று திரும்பி
இருபத்தொன்பது. இருபத்தெட்டு. "சாப்டச்சா".

குறிப்புக் கட்டத்தில்
தென்துருவத்துச் சுழிக்கு நேராக
பழுதில்லை என்று எழுதினேன்.
அடுத்த வரி, கொடைக்கானல், அறுபத்தெட்டு.
பேனா தானாக
பழுதில்லை என்று எழுதிவிட்டது.

கருவிக்கு, என்று
முன்னால் ஒரு சொல்லை
இடுக்கிச் சேர்த்தேன்.